பெயர் சொல்லாத படைத்தலைவர்

வடக்கெல்லையில் போர் மூண்ட அறுபத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசி அது. திருத்தங்கலில் எங்கள் அச்சகம் அடுத்த ஆண்டின் நாட்காட்டியை அச்சிடத் தொடங்கியிருந்தது. நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் அந்நாட்காட்டியில், வழக்கமான அறிவுரைகளை நீக்கிவிட்டுப் போர்க்காலத் தலைவர்களின் பொன்மொழிகளை இட வேண்டும் என்று விருதுநகர் வற்றல் வணிகர் ஒருவர் கேட்டார். வானொலியிலும் செய்தித்தாள்களிலும் அமைச்சர்களும் தளபதிகளும் நாள்தோறும் முழங்கிக்கொண்டிருந்த காலம். ஆயினும் ஓர் ஆண்டு முழுவதற்கும் போதுமான முழக்கத்தைத் திரட்டுவது எளிதன்று. அப்பா எவ்வளவு தேடியும் சில நாள்கள் வெறுமையாகவே நின்றன.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக் கட்டுரைப் போட்டியில் வென்ற செருக்கு தலைக்கேறியிருந்த பெண். வெறுமையாக நின்ற ஒரு நாளுக்கு நானே பொன்மொழி ஒன்றை இயற்றி அப்பாவிடம் நீட்டினேன்: "வீடு திரும்ப எண்ணுபவன் வீரன் அல்லன், களமே வீரனின் வீடு." அடியில் 'ஒரு படைத்தலைவர்' என்று கையொப்பமும் இட்டிருந்தேன்.

"எந்தத் தலைவரு தாயி?"

"சண்ட நடக்கயில பேர வெளிய சொல்லக் கூடாதுல்லப்பா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு அதை அச்சுக் கோக்கச் சொன்னார். அந்தப் படைத்தலைவர் யார் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நம்பினேன்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பட்டாளத்தில் இருந்தார். போர் நடக்கும் மலைகளுக்கு வெகு தொலைவில் அவர் இருப்பதாகவே வீட்டில் எண்ணியிருந்தோம். கார்த்திகையில் தந்தி வந்தது. அவரைக் காணவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தி, அப்போது உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தந்தியைப் படித்து முடிக்கும்வரை கை நின்றது; பிறகு முறம் மீண்டும் அசைந்தது.

புத்தாண்டில் நாட்காட்டி அடுக்களைச் சுவரில் ஏறியது. ஒவ்வொரு காலையும் சித்தி ஒரு தாளைக் கிழிப்பார், உரக்கப் படிப்பார், மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பார். "இன்னைக்கு என்ன சொல்றாக, பாப்பம்" என்று, தலைவர்கள் தமக்கே கடிதம் எழுதியதுபோல் கேட்பார். அந்தக் குரலில் என் பொன்மொழியும் ஒரு நாள் ஒலிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து பாடத்தில் மனம் நிற்கவில்லை. அடுக்களைக்குள் நுழையும்போதெல்லாம் தாள்களின் கனத்தைக் கண்ணால் அளந்தேன்; நாட்காட்டி என் கண்முன்னே மெலிந்துகொண்டே வந்தது.

தைப்பொங்கலும் போயிற்று. அந்தச் செவ்வாய்க்கு முதல்நாள் முக்காலியில் ஏறி அத்தாளை மட்டும் உருவி அடுப்பில் இட்டேன். வெளியே வந்த பிறகுதான் ஊரெங்கும் அதே நாட்காட்டி தொங்குவது நினைவுக்கு வந்தது. சித்தி வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடைக்கு ஓடி, அங்கேயும் கை நீட்டினேன்.

"ஏ புள்ள, நாளைக்கு உள்ள தாளை இன்னைக்கே கிழிக்கிறியே? நாளைக்குக் கடைக்கு லீவு விடவா?" என்றார் கடைக்காரர். அங்கிருந்தோர் சிரிக்க, வெறுங்கையோடு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தி திங்களைக் கிழித்தார்; அடியில் புதன் நின்றது. மாலையில் எனக்குச் சடை பின்னும்போதுதான் பேசினார்.

"ஒரு நாளக் காணமே?"

"காத்துல கிழிஞ்சிருக்கும் சித்தி."

"காத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் போல." பின்னிய கை நிற்கவில்லை. "காலண்டர மாட்டுன அன்னைக்கே அம்புட்டுத் தாளையும் படிச்சுட்டேன், புள்ள. அதச் சொன்ன தலைவரு வீட்ல பட்டாளத்துக்குப் போனவுக யாரும் இல்ல போல. விடு."

பிடிபடவில்லை என்ற நிம்மதியில் அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

வைகாசியில் சித்தப்பா வந்தார். எதிரிகளிடம் பிடிபட்டிருந்து விடுவிக்கப்பட்டவர். பனியில் இரண்டு கால்விரல்கள் போய்விட்டிருந்தன. வீடு நிறைய ஆட்கள். போர்க்களத்தில் தளபதி என்ன முழங்கினார் என்று எல்லோருக்கும் முன்பாக நான்தான் கேட்டேன்.

சித்தப்பா தம் காலைப் பார்த்தார். "கால ஈரமில்லாமப் பாத்துக்கங்க, எல்லாரும் ஊருக்குப் போகணும்னு சொன்னாரு. அதத்தான் தினமும் சொன்னாரு."

சித்தி மோர்ச் செம்போடு நின்றிருந்தார். கூட்டத்தில் வேறெவரையும் பாராமல் என்னைப் பார்த்தார்.

"எழுதிக்க, புள்ள. அடுத்த காலண்டருக்கு ஆகும்."

நான் எழுதவில்லை. காலின் ஈரத்தைப் பற்றிய பேச்சு ஒரு படைத்தலைவரின் வாயிலிருந்து வரத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில், சித்தி ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று யோசிக்கவும் தோன்றவில்லை.