இங்கிலீஷில் எழுதிய அம்மா

யுத்த காலத்தில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் போய்வருவது ஒரு தவம். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் நாங்கள் உள்ளே உட்கார்ந்து யோசனை சொல்வோம்.

அப்படி நான் போனது ஒரு கட்டுரைக்காக. தெற்கே ஓர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு மட்டும் இலவசமாக இடம் கொடுப்பதாக இருந்தார்கள். ஏன் ஆசிரியையாக விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், அம்மா வேலை பார்த்த பருத்தி மில்லுக்கு நானும் போக வேண்டியதுதான். அப்பா இறந்துவிட்டார், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

மதுரையில் கல்லூரியில் படித்த பெண்கள் சிலர் கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளியில் உட்கார்ந்து, எழுதத் தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு உதவி செய்தார்கள். எனக்கு வாய்த்தவள் என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். அவள் கையில் பென்சில் கிடையாது. உதவ வருகிறவர்கள் ஒரு வார்த்தைகூட எழுதித் தரக் கூடாது, கேள்விதான் கேட்கலாம் என்பது அவர்கள் கல்லூரி வைத்த விதி.

நான் முதலில் கொண்டுபோன கட்டுரையில் அறியாமை இருளும் கல்வி ஒளியும் பக்கத்துக்கு நான்கு முறை வந்தன. அகராதியைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுதிய பெருமை எனக்கு. அவள் பொறுமையாகப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“நெசமாச் சொல்லுங்க, எதுக்கு டீச்சராகணும்?”

“மில்லுக்குப் போகக் கூடாதுன்னுதான்.”

“மில்லுல யாரு இருக்கா?”

“எங்கம்மா. வேலை முடிஞ்சு வந்து எங்க மூணு பேருக்கும் சோறு போடுவாவ. நான் மில்லுலயே சாப்பிட்டேன்னு சொல்லுவாவ. ஆனா சாப்பிட்டிருக்க மாட்டாவ.”

“அது எப்படித் தெரியும்?”

அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சோறு போட்ட பிறகு அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள். சாப்பிட்ட கை என்றால், கழுவினாலும் விரலில் குழம்பு வாசம் லேசாக ஒட்டியிருக்கும். அம்மாவின் விரல்களில் பருத்திக்கொட்டை வாசம் மட்டும்தான் இருக்கும்.

இதைச் சொன்னதும் அவள் ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினாள். பிறகு, “அதை அப்படியே எழுதுங்க” என்றாள்.

“அம்மாவுக்குச் சங்கடமா இருக்காதா?”

“அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது.”

“பொறவு என்ன?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்து அடித்து எழுதினேன். திரும்பும்போது பஸ்ஸில் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவின் பசி அந்த நேரத்தில் எனக்குப் பசியாகவே தெரியவில்லை, நல்ல இங்கிலீஷாகத் தெரிந்தது. இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூசுகிறது.

விண்ணப்பத்தில் எங்கள் சபைப் பாதிரியாரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இடம் கிடைத்துவிட்டது. அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். இன்னார் இன்ன நன்மைக்காகக் காணிக்கை செலுத்துகிறார் என்று பாதிரியார் சபைமுன் வாசிப்பது வழக்கம். அன்று அவர் அதோடு நிறுத்தவில்லை. “இந்தப் பிள்ளை தன் தாயைப் பற்றி எழுதினதை நீங்களும் கேக்கணும்” என்று சொல்லி, கட்டுரையை நல்ல தமிழில் மொழிபெயர்த்து வாசித்தார். சோறு, பொய், விரல், வாசம் எல்லாம் வந்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, ஞாயிறன்று ஏழைகளுக்காகக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அம்மா ஒரு வாரமும் தவறியதில்லை. அன்றும் கொட்டியிருந்தாள். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பரின் மனைவி, அந்த அரிசியில் ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். ஓலைப்பெட்டியை நீட்டியபோது அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷிதான், குற்றம் சொல்ல முடியாது.

“வேற யாருக்காச்சும் குடுங்கக்கா. எங்களுக்கு இருக்கு” என்றாள் அம்மா.

தம்பிகள் முன்னால் ஓடிவிட்டார்கள். அம்மாவும் நானும் தெருவில் நடந்தோம். ஊர் அறிய மானத்தை வாங்கிவிட்டாயே என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூடத் தீர்மானித்து வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. பாதித் தெரு தாண்டியதும் கேட்டாள்.

“நான் சாப்பிடலைன்னு உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்மா.”

“நீ நம்பிட்டன்னுல்லா நான் நெனச்சேன்.”

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

“ஏட்டி, தெரிஞ்சுமா மறுசோறு கேட்ட?”

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“பசிச்சதும்மா” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.