ஓடைக்கு அந்தப் பக்கம் போன தோடை

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு காய்கறித் துண்டு நிலம் இருக்கிறது. நானும் என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் கொத்தினோம். போஞ்சி, கரட், கோவா, எது வேண்டுமானாலும் போடலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நிலம் தோட்டத்துடையது. மரம் வைத்தால் 'இது என் இடம்' என்று சொல்கிற மாதிரி. அதனால் மூன்று மாதத்தில் பிடுங்கிவிடக் கூடிய பயிரோடு எங்கள் விவசாயம் நின்றுவிடும்.

"ஒரே ஒரு தோடம்பழ மரம் வச்சா என்னங்க?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆரஞ்சென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை.

"பேசாம போஞ்சிக்குத் தண்ணி ஊத்து" என்பேன். பெரிய நியாயஸ்தன் நான்!

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பதுளையிலிருந்து ஒரு தோடங்கன்று வாங்கி வந்து, அவள் குந்தியிருந்து களை பிடுங்கும் மூலையில் நட்டேன். மகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள். பேச ஆளில்லாத வீட்டில் அந்தக் கன்றோடு பேசினேன். வெட்கமாகவெல்லாம் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். கரையோரக் காணிக்காரர் என் வயதுதான், தமிழும் நன்றாகப் பேசுவார். மண் இரண்டு பக்கமும் ஒரே மண். ஆனால் அவரிடம் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. அதைக் காட்டி மானிய உரம் எடுப்பார், தண்ணீர் மோட்டாரும் வாங்கிவிட்டார். நானும் ஒரு தடவை பண்டாரவளைக்குப் போய் உர வரிசையில் நின்றேன். உறுதி எங்கே என்று கேட்டார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். அவருடைய போஞ்சி ஆளுயரம், என்னுடையது இடுப்பளவு. தோட்டத்து ஆட்களுக்குப் பயிர் செய்யத் தெரியாது என்று சந்தையில் யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும்.

கன்று என் தோளளவு வளர்ந்தபோது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தே பேசினார்.

"மரம் இருந்தா துண்டையே எடுத்துருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கண்ணே. நீங்களே எடுத்துருங்க."

கத்தியோடு போனேன். வெட்டக் கை வரவில்லை. சுற்றித் தோண்டி, வேரை மண்ணோடு சாக்கில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். அந்தக் காணிக்காரர் என்னையும் சாக்கையும் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினார். ஒரு மாதம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்புறம் துளிர்த்தது.

இந்த வருஷம் காய்த்திருக்கிறது. நான் வேலிக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டு, பழம் பறிக்கலாமா என்று கேட்டேன்.

"கேக்கவே வேணாம் அண்ணே. உங்க மரம்தானே, வந்து பறிச்சிக்கங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

முதல் பழத்தை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். நம்ம மரத்துப் பழம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பக்கத்துக் காணியில் கேட்டு வாங்கி வந்தேன் என்றுதான் அவளிடம் சொன்னேன்.