இட்டேரியில் திரும்பாத சைக்கிள்

சாமுவேலுக்கு நாற்பத்திரண்டு வயது. கணபதியில் ஆரிஃப் பாயின் கிரில் பட்டறையில் வெல்டர். கோயம்புத்தூரில் பாதி வீட்டு ஜன்னலுக்குக் கம்பி பூட்டியவன் தான்தான் என்று சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். பெருமை பேசிக்கொள்ள அவனுக்கு வேறு என்ன இருந்தது?

ஊர் அன்னூர்ப் பக்கம். ஊருக்கு நடுவில் ஒரே தெரு. மாரியம்மன் கோயில் முக்கில் தொடங்கி ஈஸ்வரமூர்த்தியின் வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் தோட்டம் துரவு உள்ளவர்களின் வீடுகள். அதைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் சாமுவேலின் காலனி. அவன் அப்பன் சின்னான், ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்திலேயே ஆயுசு முழுக்கப் பாடுபட்டவன். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கோயில் முக்கு வந்ததும் இறங்கிவிடுவான். தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே போய், பள்ளம் வந்த பிறகுதான் மறுபடி ஏறுவான். மழையானாலும் அப்படித்தான், பின்னால் மூட்டை இருந்தாலும் அப்படித்தான். கடைசிக் காலத்தில் முழங்கால் தேய்ந்து, கால் தூக்கிப் போட முடியாமல் போயிற்று. அப்போதும் தெருவில் ஏறியே போகலாம் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. பள்ளத்து ஓரத்தில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டான். அதன்மேல் நின்று ஏறுவான். சின்னான் செத்து மூன்று வருசமாகிறது. கல் மட்டும் அங்கேயே கிடக்கிறது.

இப்போதெல்லாம் யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, சட்டத்தைவிடப் பெரிதாக எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனால் சொல்லாமலே இறங்கிப் பழகிய கால்களுக்குச் சட்டம் தெரியுமா? காலனிப் பையன்கள் பைக் வாங்கினார்கள். வாங்கி, தெருவில் போகாமல், வீடுகளுக்குப் பின்னால் கிளுவை வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் சுற்றிக்கொண்டு போனார்கள். சாமுவேலும் இட்டேரிக்காரன்தான். ஏன் என்று கேட்டால், தெருவில் வேகத்தடை ஜாஸ்தி என்பான். அங்கே இருந்தது ஒரே ஒரு வேகத்தடை.

ஒருநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். எங்கோ அமெரிக்காவில் ஒரு தெரு. ஆள் நீளத்தைவிட நீளமான ஒரு சைக்கிள். தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்த சீட்டு. ஆட்டுக்கடா கொம்புபோல் மேலே வளைந்த ஹேண்டில் பார். அதில் சாய்ந்து உட்கார்ந்து ஒருவன் போகிறான். அவசரமே இல்லை. தெரு தன் பாட்டன் எழுதிவைத்தது என்கிற மாதிரி போகிறான். லோரைடர் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். சாமுவேல் சோற்றை அப்படியே வைத்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்தான்.

வீட்டுக்கு வரும்போது இட்டேரியில், மோட்டார் கொட்டகை ஓரத்து முழங்கை வளைவில் பைக்கை நிறுத்திவிட்டு வெகு நேரம் நின்றான். அத்தனை நீளமான சைக்கிள் இந்த வளைவில் திரும்பாது. ஒரு பக்கம் வேலி இடிக்கும், மறுபக்கம் கொட்டகைச் சுவர் இடிக்கும். அப்படியென்றால் அதற்கு ஒரே வழிதான், தெரு. தனக்கு அந்தத் தைரியம் தானாக வராது என்று சாமுவேலுக்குத் தெரியும். அதனால்தான் வேறு வழியே இல்லாத ஒரு வண்டியைச் செய்துவிடுவது என்று முடிவு பண்ணினான். கோழைக்கு இதைவிட நல்ல யோசனை வராது. நான் அவனைக் கேலி செய்யவில்லை.

வேலை வீட்டு வாசலிலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவான். ஆரிஃப் பாய் வெல்டிங் செட்டை எடுத்துப் போக விட்டார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் குழாயும் இரண்டு சைக்கிளின் செயினும் கிடைத்தன. முன்பாதிக்கு அப்பனின் சைக்கிளையே எடுத்து அறுத்தான்.

அவன் மனைவி பொற்கொடி பதறிப்போனாள். "ஏனுங்க, மாமன் சைக்கிளப் போயி அறுக்கறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ஈரமிருக்குதா?"

"அப்பன் தள்ளித் தள்ளித்தானே அந்தத் தெருவுல போச்சு. அது சைக்கிளாச்சும் ஓடிப் போகட்டும் புள்ள."

பொற்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறுக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

குழாய் நெளியாமல் வளைய வேண்டுமென்றால் உள்ளே மணல் அடைத்துக் காய்ச்சி வளைக்க வேண்டும். அப்படியே வளைத்தான். ஒற்றைக் குழாய் போதும் என்று நினைத்ததுதான் தப்பு. முதல் தடவை ஏறி உட்கார்ந்ததும் நடுவில் தொய்ந்து, நனைந்த அட்டைபோல் மடங்கிவிட்டது. காலனியே சிரித்தது. ஊர் ஜன்னலுக்கெல்லாம் கம்பி பூட்டியவனுக்குத் தன் சைக்கிளுக்கு ஒரு கம்பி கொடுக்கத் தெரியவில்லை. அடியில் இன்னொரு குழாய் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் வைத்துப் பற்றவைத்தான். செயின் நீளம் போதவில்லை. மூன்று செயினை ஒன்றாகக் கோத்து, நடுவில் தொங்காமலிருக்க ஒரு சின்னச் சக்கரம் பொருத்தினான். சீட்டுக்குப் பின்னால், சாய்ந்துகொள்ள உயரமாக ஒரு கம்பி வளையம். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் மினுக்குப் பெயிண்ட். வெயில் பட்டால் கண் கூசியது.

சர்ச் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வேனில் ஏற்றிக் கோயில் முக்கில் கொண்டுபோய் இறக்கினான். ஏறி உட்கார்ந்தான். கால் நடுங்கியது என்பதை மறைக்க என்ன இருக்கிறது? மிதித்தான். வண்டி நகர்ந்தது. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் முறைக்கவில்லை. சிரித்தார்கள். சிலர் செல்போனை எடுத்தார்கள்.

தெருக்கடைசியில் ஈஸ்வரமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பக்கத்தில் வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நம்ம சின்னான் பையனுங்க. எறங்காமப் போறான். போனாத்தான் என்ன, நம்ம முட்டிக்குக் கீழதான போறான்!"

அவரைச் சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. சாமுவேலுக்குக் காதில் விழுந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருந்தாலும் இறங்கவில்லை. பள்ளத்தில் அப்பனின் கல்லையும் ஓட்டிக்கொண்டே தாண்டினான். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் அவன் பாடிக்கொண்டே வேலை செய்தான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. பத்து நாள் கழித்து ஈஸ்வரமூர்த்தியின் மகன் தனபால், காலனியில் சாமுவேலின் வாசலுக்கே வந்து நின்றான். அந்த வீட்டு ஆள் ஒருவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊரில் வைத்து ஃபோட்டோ எடுக்கிறார்களாம்.

"புள்ள உன்ற வண்டிய வீடியோவுல பாத்துட்டு, அது வேணுமின்னு ஒரே புடியா நிக்கறா சாமுவேலு. அருமையாச் செஞ்சிருக்கற போ. ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் கொண்டாந்தீன்னாப் போதும்."

பொற்கொடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன் அம்மணி" என்று தனபால் சிரித்தான். அவள் நீட்டிய கையோடு டம்ளரை உள்ளே கொண்டுபோனாள்.

சாமுவேலுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அருமையாகச் செய்திருக்கிறாய் என்ற சொல்லிலேயே ஆள் குளிர்ந்துபோயிருந்தான். "அதுக்கென்னங்க, கொண்டாரேனுங்க" என்றான்.

தனபால் போன பிறகு பொற்கொடி கேட்டாள்: "வாசல் வரைக்கும் வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணி எறங்கல. நீங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க."

"அவிய கெளம்பற அவசரத்துல இருந்தாங்க. நம்ம ஊட்டு வாசல்ல வந்து கேட்டாங்கல்ல? அதப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் வாழை கட்டி, வீடுகளுக்கு முன்னால் பூத்தொட்டி வைத்திருந்தார்கள். சாமுவேல் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வந்தான். ரித்திகா பட்டுப்பாவாடையோடு சீட்டில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில் நடந்துவர, வண்டி மெல்ல நகர வேண்டுமாம். பெடல் தரைக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, அவள் மிதித்தால் பாவாடை சிக்கும்.

"அங்கிள், பயமா இருக்குங்க. பின்னால புடிச்சுக்குங்க" என்றாள் அந்தப் பெண். அவள் மேல் குற்றமில்லை. நல்ல குணமுள்ள பெண்.

சாமுவேல் பின்னாலிருந்த கம்பி வளையத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளினான்.

"அண்ணா, நீங்க படத்துல விழுகறீங்க. நல்லாக் குனிஞ்சுக்குங்க" என்றான் கேமராக்காரன்.

குனிந்தான். கோயில் முக்கிலிருந்து ஈஸ்வரமூர்த்தி வீடு வரை, பிறகு வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் கோயில் முக்கிலிருந்து. நடுத்தெருவில் வேகத்தடைமேல் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது ஹேண்டிலைப் பார்த்தான். அப்பனின் சைக்கிளிலிருந்து அறுத்தெடுத்த கழுத்து அது. அப்போதுதான் சாமுவேலுக்கு உறைத்தது. அதே தெரு, அதே சைக்கிள், குனிந்த முதுகோடு தள்ளிக்கொண்டு போகிற சின்னான் வீட்டு ஆள். அப்பனாவது நிமிர்ந்து தள்ளினான். வளையத்தை விட்டுவிடலாம் என்று சாமுவேலுக்குத் தோன்றியது. ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பெண் விழுந்துவிடும்.

எல்லாம் முடிந்தது. கேக் கொடுத்தார்கள், காகிதத் தட்டில். சாமுவேல் அதைச் சுவரோரம் வைத்துவிட்டு வண்டியைப் பிடித்தான். கால் தூக்கிப் போட்டு ஏறப் போனான். இந்தத் தடவை சிரிக்காமல் போவேன், யாரையும் பார்க்காமல் போவேன் என்று நினைத்துக்கொண்டு.

ஈஸ்வரமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கல்யாண வீட்டுச் சனம் முழுக்க நின்றது. அவர் சாமுவேலின் தோளில் கைவைத்தார். அந்தக் கை அந்தத் தோளில் பட்டதும் அன்றுதான் முதல் தடவை.

"ஏறியே போடா சாமுவேலு. நாந்தான் சொல்றனல்லோ. இப்பெல்லாம் நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல. அன்னைக்கும்கூட ஏதாச்சும் சொன்னனா? உட்டுட்டனல்லோ?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெரிய மனசு என்றார் ஒருவர்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இப்படி அணைப்பதற்கு அடித்தே போட்டிருக்கலாம். அன்றைக்குக் கால் நடுங்க நடுங்கத் தானாக ஏறிப்போன அந்த ஒரு போக்கும், இப்போது அவர் விட்டதால் போனதாக ஆகிவிட்டது. இன்றைக்கு ஏறினால் அவர் சொல்லி ஏறினவன். ஏறாமல் நடந்தால் அப்பன் பெற்ற பிள்ளை. இட்டேரிப் பக்கம் போய்விடலாமென்றால் அது திரும்பாது. திரும்பாதபடி செய்தவனே அவன்தான்.

கால் சீட்டுக்கு மேல் போகவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"பாத்தயா, ஏறச் சொல்லியும் ஏற மாட்டேங்கறான். சின்னான் மாதிரியே மருவாதி தெரிஞ்ச பையன்" என்று பின்னால் ஈஸ்வரமூர்த்தியின் குரல் கேட்டது. அந்தக் குரலில் பொய்யில்லை, மெய்யான பிரியம் இருந்தது. அதைத்தான் சாமுவேலால் தாங்க முடியவில்லை.

பள்ளத்தில் கல் கிடந்தது. அங்கேயும் ஏறவில்லை. வீடு வரைக்கும் தள்ளினான்.

பொற்கொடி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்து வருகிறவனைப் பார்த்துக் கொடியை விட்டுவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, தள்ளிக்கிட்டு வாரீங்க? செயின் கழண்டுபோச்சுங்களா?"

"ஆமா" என்றான் சாமுவேல்.

அவள் குனிந்து பார்த்தாள். மூன்றைக் கோத்து அவன் செய்த நீளச் செயின், எண்ணெய் மினுக்கத்தோடு பல்லில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. விரலால் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "செயின் அந்துதான் போயிருக்குதுங்க."