பூந்தொட்டிக்கு முன்பே வந்த ‘சரி’

வியாழக்கிழமை காலை பெரியம்மா கார் ஷோரூமை விட்டு வெளியேறினார். கோபமாகத்தான். நடை மட்டும், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துகிறவர் நடை. எப்போதுமே இப்படித்தான்: பாதி வழியில் கைப்பையின் வாரைச் சரிசெய்வார். கண்ணாடிக் கதவருகே நின்று, செருப்பில் இல்லாத கல்லை உதறுவார். வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். கடைசித் தொட்டியை அவர் தாண்டுவதற்குள் விற்பனையாளர் “மேடம், மேடம்” என்று பின்னால் ஓடிவர வேண்டும். “ஓடி வர்றவனுக்கு மூச்சு வாங்கக் கூடாது பாரு, பாவம்” என்பார், மெதுநடைக்குக் காரணமாக.

பெரியம்மாவின் தொழில் திரைச்சீலை தைப்பது. குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியதால், வாயில் ஊசி இல்லாத நேரத்திலும் உதட்டோரத்தால்தான் பேசுவார். அது காதில் விழ, எதிரில் இருப்பவர் குனிந்தாக வேண்டும். குனிந்தவனிடம் விலை பேசுவது சுலபம். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் தெருவில் யார் புதுக் கார் வாங்கினாலும், பணத்துக்கு முன்னால் பெரியம்மாவைத்தான் ஏற்பாடு செய்வார்கள். நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த வாரமே எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். காரின் உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்க வேண்டும். “இத்தனை நாடு பார்த்ததுக்கு இதுக்காவது உதவு” என்றார்.

“பிடிச்சிருக்குன்னு வண்டிக்கே தெரியக் கூடாது” என்பது அவர் கட்சி. காரைச் சுற்றிவந்து, அதன் காதில் விழும்படி திட்டுவார். “இதுவா? முழிக்கிற முழியைப் பாரு. பின்னாடி பார்த்தா உட்கார எடம் தேடுற மாதிரி இருக்கு.”

விற்பனையாளர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில், “மேனேஜரைக் கேட்டுட்டு வந்துடறேன்” என்று கண்ணாடி அறைக்குள் போவார்கள். உடனே பெரியம்மாவும் எழுந்துகொள்வார். “நானும் எங்க மேனேஜரைக் கேட்டுட்டு வந்துடறேன்.” அவருடைய மேனேஜர் பெரியப்பா. எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். பெரியம்மா அவரருகே போய் நின்று, கையை ஆட்டி ஆட்டி, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலைப் பற்றிப் பேசுவார். பெரியப்பா தலையை இடவலமாக ஆட்ட வேண்டும். அது மட்டும்தான் அவர் பொறுப்பு. “முடியவே முடியாதுன்னுட்டார் தம்பி. ரொம்பக் கறாரு” என்று திரும்பி வந்து சொல்வார்.

இந்தமுறை கார் அவருக்கே. திரைக் கம்பிகளைப் பேருந்தில் கொண்டுபோக முடியவில்லை. ஒருமுறை கம்பி நுனி முன் இருக்கைக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. பெரியப்பாவின் முழங்காலும் படியேற மறுத்தது. இத்தனை வருடம் துணி வெட்டிச் சேர்த்த பணம் முழுவதும் அந்தக் கைப்பையில் இருந்தது. “ஊருக்கெல்லாம் பேசிட்டு நானே ஏமாந்தா, நாளைக்கு எவ என்னைக் கூப்பிடுவா?” என்று முதல்நாள் முழுக்கப் புலம்பினார்.

அதனால் வேண்டுமென்றே அடிமட்டத்தில் ஒரு விலை சொன்னார். அவரே வெட்கப்படும் விலை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம் என்பது திட்டம். சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். வாரைச் சரிசெய்தார். கல்லை உதறினார். முதல் பூந்தொட்டிகூட வரவில்லை.

“சரி மேடம்” என்றார் விற்பனையாளர். ஓடி வரவில்லை. நாற்காலியிலிருந்தே சொன்னார்.

பெரியம்மா திரும்பினார். “என்ன சரி?”

“நீங்க கேட்ட விலைக்கே தர்றோம்.”

“மேனேஜரைக் கேக்கலையே?”

“கேக்க வேணாம் மேடம்.”

“அதெப்படி? போய்க் கேளுங்க.”

அவர் போனார், வந்தார். “சரின்னுட்டார்.”

“கோபப்பட்டாரா?”

“இல்ல மேடம். சிரிச்சார்.”

“சிரிச்சாரா!” பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவை கேளுங்க தம்பி. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க.”

கால்மிதி கேட்டார், சரி. இருக்கை உறை கேட்டார், சரி. சாலையைக் கடந்து ஓடினார். பெரியப்பா வழக்கம்போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். “ஆட்டாதீங்க! கேட்டதைக் குடுத்துட்டான்!”

“நல்லதுதானேம்மா?”

“அதாங்க பயமா இருக்கு. இன்னும் குறைச்சுக் கேட்டிருக்கணும்.”

வேறு வழியில்லாமல் வாங்கினோம். சாவியை வாங்கும்போது விற்பனையாளரை ஓரமாக இழுத்தார். “உண்மையைச் சொல்லுங்க தம்பி, இன்னும் எவ்வளவு இறங்கியிருப்பீங்க?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது மேடம்.”

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. பின் இருக்கையை மடக்கினால் கம்பிகள் ஒழுங்காகப் படுத்துக்கொள்கின்றன. பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தால் பாட்டு வருகிறது. பெரியம்மா மட்டும் பக்கத்தில், பெண் பார்த்தபோது மறைத்த நோயைத் தேடும் மாமியார்போல உட்கார்ந்து வருகிறார். கதவைத் தட்டிக் காது வைக்கிறார். மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினார். மூவரும் நல்ல வண்டி என்றார்கள். மூவர் மேலும் சந்தேகம். எதிர்வீட்டு டீச்சர் கார் வாங்கக் கூப்பிட்டதற்குத் தலைவலி என்றார். ஒருநாள் வெங்காயத்தைச் சொன்ன விலைக்கே வாங்கிவந்துவிட்டார். பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, “டாக்டர்கிட்ட காட்டிடலாமா?” என்றார்.

போன வாரம், கார் வந்து ஒரு வருடம் தாண்டிய பிறகு, பெரியம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் மிஷினில் இருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன். “மேடம், வணக்கம். உங்களுக்குக் கார் குடுத்த தம்பி. அந்த வேலையை விட்டுட்டேன். கடைசியா எவ்வளவு இறங்கியிருப்பீங்கன்னு அன்னைக்குக் கேட்டீங்களே, இப்ப சொல்லலாம். சொல்லட்டுமா?”

மிஷின் நின்றது. போனை வாங்கி, ஊசிகளைக் கவ்வியபடியே ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். “வேண்டாம் தம்பி. நல்லா இருக்கீங்களா?”

அனுப்பியதும், அந்தத் தம்பி ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் திரையில் காட்டியது. பெரியம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து, மடித்து வைத்திருந்த திரைத்துணிக் குவியலுக்கு அடியில் செருகி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே ஒருமுறை அதிர்ந்தது. பெரியம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தார்.