பிசின்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

த்ரீக்கா அக்கா அழுததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அவர் மகன் டென்ஸிலின் கல்லறையில் நின்ற செடியைப் பிடுங்கிய அன்று. மகனைப் புதைத்த அன்றுகூட அவர் கண்ணில் நீர் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை எங்களோடு பாடினார்.

நான் கேப் டவுனுக்குத் தூரத்தில் மலைக்குள் இருக்கும் ஹூப்தால் ஊர்ச் சபையின் கோயில்பிள்ளை. மணியடிப்பேன், தரை கூட்டுவேன், சபையார் கூடித் தேநீர் குடிக்கும் அன்பின் விருந்து முடிந்ததும் கோப்பைகளைக் கழுவி வைப்பேன், யாராவது இறந்தால் குழி வெட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஆண்டவர் கொடுத்த வேலை இது. டென்ஸிலுக்குக் குழி வெட்டியதும் நான்தான். உருளைக்கிழங்குப் பண்ணையில் டிராக்டரின் பின்பெட்டி கவிழ்ந்து அதனடியில் போனான். வயது பத்தொன்பது. சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதியவன்.

அக்காவுக்கு அவன் ஒருவன்தான். கணவர் ஃப்ரான்ஸ் கேப் டவுன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது, இரண்டாம் வருஷம் வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. அக்கா ரூய்போஸ் என்னும் சிவப்புத் தேயிலைக் களத்தில் இலை கிளறியே பையனை வளர்த்தார். சாயங்காலம் களத்திலிருந்து வரும்போது காதுமடல் வரைக்கும் சிவப்புத் தூசி படிந்திருக்கும்.

டென்ஸில் பதினாறு வயதில் மலையில் வேலி போடப் போன இடத்திலிருந்து ஒரு பிசின்செடியின் கிளையை ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் நட்டான். பிசின்செடி எங்கள் மலைக்காரச் செடி. இடுப்பு உயரம் வரும். சீப்புப் பல் போல வெட்டுப்பட்ட சாம்பல் இலை. கிளையை ஒடித்தால் பிசின் கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது. பூ என்று வந்தால் இலை தெரியாதபடி மஞ்சள், சின்னச் சின்னச் சூரியகாந்திபோல. பாறையிலும் மணலிலும் தானாக நிற்கும்.

மகன் போன பிறகு முதல் குளிர்கால மழையில் அக்கா அந்த வாசல் செடியிலிருந்து நுனிக்கிளை வெட்டி மணலில் வேர்பிடிக்க வைத்தார். அடுத்த வருஷம் அதைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்று சபைக்குழுவில் வந்து கேட்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒழுங்கு உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் வேலியோரம். இறந்த வரிசையில் படுக்க வேண்டியதுதான். புருஷன் பக்கத்தில் பெண்சாதி, தகப்பன் பக்கத்தில் மகன் என்பதெல்லாம் கிடையாது. ஆண்டவர் முன்னால் எல்லாரும் ஒன்று என்பதற்காக முன்னோர் வைத்த முறை. கல் வைக்க வசதி உள்ளவர் குறைவு. மண்மேடு, தலைமாட்டில் எண் எழுதிய பலகை, அவ்வளவுதான். பலகையைக் கறையான் இரண்டு மூன்று வருஷத்தில் தின்றுவிடும். ஈஸ்டர் விடியலில் வாத்தியத்தோடு போய் ஒவ்வொரு மேட்டிலும் பூ வைப்போம்.

சபைக்குழுவில் இருந்த கடைக்காரி ஸ்டீனா உடனே எழுந்தார்.

"எல்லாரும் சமம்னு சொல்லிட்டு ஒருத்தன் தலைமாட்டுல மட்டும் தோட்டமா? நாளைக்கு என் புருஷன் செத்தா நான் முட்டைக்கோஸ் வைப்பேன், சரியா?"

"வை ஸ்டீனா. உயிரோட இருக்கறப்ப அவருக்கு நீ அதுதான ஆக்கிப் போடுற," என்றார் அக்கா.

குழு முழுக்கச் சிரித்தது, ஸ்டீனாவும் சிரித்தார். போதகரய்யா சரி என்றார்.

செடி வந்தது. வளர்ந்தது. பூ முடிந்ததும் அக்கா கத்தரிக்கோலால் கால் பங்கு வெட்டிவிடுவார். அடிமண்ணில் கூழாங்கல் பரப்புவார். கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார். வாசலில் டென்ஸில் நட்ட தாய்ச்செடி வயதாகிப் பட்டுப்போனபோதும் அவர் கலங்கவில்லை. "அங்க ஒண்ணு நிக்குது," என்றார். பலகை மக்கி விழுந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் டென்ஸிலின் இடத்தை எவரும் எண்ணிப் பார்க்கவே இல்லை. செடி நிற்கும் இடம் அவன் இடம்.

அப்புறம் மழை பொய்த்தது. எங்களுக்கு மழை குளிரில்தான். மே தொடங்கி ஆகஸ்ட் வரை. ஒரு வருஷம் பாதி பெய்தது. அடுத்த வருஷம் தூறியது. மூன்றாம் வருஷம் அதுவும் இல்லை. ஊற்று நூலாக இளைத்தது. குழாய் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும், ஆளுக்கு இரண்டு வாளி. ஆடுகளை விற்றோம். ஆராதனையில் மழைக்காக ஜெபிக்காத ஞாயிறு இல்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் குழாயடி வரிசையில் ஸ்டீனா சொன்னார்.

"த்ரீக்கா, உன் செடி செத்துப்போச்சுடி. நேத்துப் பார்த்தேன். தொடப்பம் மாதிரி நிக்குது."

"சாகல. தூங்குது."

"நல்லாத் தூங்குது போ. ஈஸ்டருக்கு எங்கயும் ஒரு பூ கெடையாது. இந்த வருஷம் கல்லறையில எதை வைக்கிறது? உன் செடி ஒண்ணைத்தான் ஊரே நம்பி இருக்கு. ஒரு குவளை தண்ணி ஊத்தினா என்ன, கையா தேஞ்சிடும்?"

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கேட்டுக்குங்க. கோடையில அதுக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. மண்ணு சூடா இருக்கறப்ப ஈரம் பட்டா வேர் அழுகிடும். அது எல்லாத்தையும் உதுத்துட்டுப் பொறுத்துக்கும். குளிர் வந்தா தானா முழிச்சுக்கும். யாரும் தொடாதீங்க, சாமி."

வரிசையில் நானும் நின்றேன். காதில் விழுந்தது. ஆனால் அவர் தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஊரே தவிக்கும்போது மகன் செடிக்கு ஊற்றினால் நாலு பேர் பேசுவார்களே என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். பிறர் மனதை நான் அறிவேன் என்று எண்ணிக்கொண்டேன். அதுதான் என் பாவம்.

சனிக்கிழமைதோறும் வாத்தியக் குழு பயிற்சிக்கு வரும். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கோப்பை கழுவிய தண்ணீர் ஒரு சின்ன வாளி சேரும். அன்பின் விருந்து நடந்த நாளில் இரண்டு வாளி. சபையார் ஒரே மனதாகக் குடித்த கோப்பைகளைக் கழுவிய தண்ணீர். அதைச் சாக்கடையில் கொட்ட எனக்கு எப்போதுமே மனம் வராது. டென்ஸிலும் அதே கோப்பையில் குடித்தவன்தானே. வெயில் தாழ்ந்ததும் எடுத்துப்போய்ச் செடியடியில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு ஒருமுறை பரமண்டல ஜெபம் சொன்னேன்.

பிப்ரவரியில், கோடை இன்னும் போகாதபோதே, துடைப்பமாக நின்ற கிளையில் பச்சை முளைத்தது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்றே நம்பினேன். இரண்டு மூன்று மொட்டுகூட வந்தது. அக்கா பார்த்துவிட்டுப் புருவம் சுருக்கினார்.

"காஸ்பர், இது ஏன்டா இப்ப முழிக்குது?"

"ஆண்டவர் கிருபை அக்கா."

அக்காவுக்கு நின்று பார்க்க நேரமில்லை. களத்தில் அது அறுவடைக் காலம். இருட்டோடு லாரியில் போய் இருட்டோடு திரும்புவார். கல்லறைப் பக்கம் வர அவருக்கு ஞாயிறு மட்டும்தான்.

மார்ச்சில் அடி இலை மஞ்சளானது. நுனி தொங்கியது. தாகம் என்று நினைத்தேன். இன்னும் ஊற்றினேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேடுகளைச் சரிசெய்ய மண்வெட்டியோடு போனபோது அக்கா அங்கே குந்தியிருந்தார். கூழாங்கற்களை ஒதுக்கி மண்ணை விரலால் தோண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"மழை பெஞ்சுதா காஸ்பர்?"

"இல்லையே அக்கா."

"அப்ப இது என்ன?"

உள்ளங்கையை நீட்டினார். மண் கட்டியாக ஒட்டியிருந்தது. கறுப்பாக, ஈரமாக. சுற்றிலும் எல்லாக் கல்லறைகளும் வெந்து வெடித்துக் கிடந்தன. அவன் ஒருவனுடைய மண்தான் அப்படி.

அவர் எழுந்து செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்தார். இழுக்கவே தேவை இருக்கவில்லை. ஈரத் துணியிலிருந்து நூல் வருவதுபோல வந்துவிட்டது. வேர் கறுத்துக் குழகுழவென்று இருந்தது. அழுகிய உருளைக்கிழங்கு நாற்றம் அடித்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அந்த மேட்டிலேயே உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார். சத்தம் கிடையாது. வாய் மட்டும் திறந்திருந்தது.

நான் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் வீட்டுக்குப் போய், கதவிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, நான்தான் ஊத்தினேன். கோப்பை கழுவின தண்ணி. சனிக்கிழமை சனிக்கிழமை. நல்லதுன்னு நெனச்சுத்தான்... என்னை மன்னிச்சிடுங்க."

அவர் மேசையில் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் பிசின்.

"நீ ஏழாவது ஆளு காஸ்பர்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டீனா வந்தா. கெழங்கு கழுவின தண்ணியாம். வாத்தியக்காரப் பசங்க மூணு பேரு வந்தாங்க, குழல் அலசின தண்ணியாம். மணியக்காரர் பெண்சாதி வந்தா. போதகரய்யாவும் வந்தார். ஞானஸ்நானக் கிண்ணத்துத் தண்ணியக் கொட்ட எடமில்லாம எம்புள்ள மேல ஊத்தினாராம், ஆசீர்வாதமா இருக்கும்னு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உங்களுக்கெல்லாம் குடிக்கவே தண்ணி இல்ல. அந்தத் தண்ணிய ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டாந்து ஊத்தியிருக்கீங்க. நான் யாரைத் திட்டுவேன்? ஒருத்தன் கெட்ட எண்ணத்துல வெட்டிப் போட்டிருந்தா அவன் வீட்டு முன்னால நின்னு மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். நீங்க எனக்கு அதுக்கும் வழி வைக்கலையே."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

இன்னும் உயிர் இருக்கும் என்று தோன்றிய பதினொரு நுனிகளை வெட்டி, பாதி அறுத்த பிளாஸ்டிக் குடுவைகளில் மணல் நிரப்பிக் குத்தி வைத்திருந்தார். நான் தினமும் போய் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். முதல் வாரம் நான்கு கறுத்தன. அந்த ஈஸ்டர் காலையில் வாத்தியங்கள் முழங்க நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தபோது ஏழு இருந்தன. அக்கா வெறுங்கையோடு வந்தார். ஸ்டீனா தன் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் ரோஜாக்களை மேட்டுக்கு மேடு ஒவ்வொன்றாகக் குத்திவிட்டார். டென்ஸிலுக்கும் ஒன்று. சூரியன் ஏறும்போது உயிர்த்தெழுந்தார் என்று எல்லாரும் பாடினோம். அக்காவின் உதடு அசையவில்லை.

அப்புறம் மூன்று. அப்புறம் ஒன்று. அந்த ஒன்றை அவர் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார். மே மாதம் அதுவும் தண்டிலிருந்து கறுத்துவிட்டது.

ஸ்டீனா கண்ணீரோடு சொன்னார். "மலை பூரா நிக்குதுடி அது. நானே போய் வேரோட கொண்டாந்து தர்றேன்."

"மலையில நிக்கறது மலையோடது ஸ்டீனா. இது அவன் சாக்குல சுத்திக் கொண்டாந்தது."

ஜூனில் மழை வந்தது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து இரண்டு நாளில் கொட்டியது. வீதியில் நின்று துதித்தோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், கல்லறைத் தோட்டத்தின் கீழ்ப்புறம் ஓடையாக அறுந்து கிடந்தது. காய்ந்து தூளாகியிருந்த மேடுகளெல்லாம் கரைந்து ஆண்கள் பக்கம் முழுதும் ஒரே சமதளம். ரோஜா ஒன்றுகூட இல்லை. வேர் பிடித்து நிற்கும் ஒரு செடி இருந்திருந்தால் அந்த இடம் தெரிந்திருக்கும்.

போதகரய்யாவும் நானும் பதிவேட்டை வைத்துக்கொண்டு கயிறு பிடித்து எண்ணினோம். டென்ஸில் ஆறாம் வரிசையில் பதினான்காவது. ஆனால் வரிசை தொடங்கும் மூலையையே தண்ணீர் கொண்டுபோயிருந்தது. எங்கிருந்து ஒன்று என்று தொடங்குவது? போதகரய்யா ஒரு இடத்தைச் சொன்னார். நான் இரண்டடி தள்ளிச் சொன்னேன். கடைசியில் நடுவில் ஒரு குச்சியைக் குத்தி அதையே ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஈஸ்டர் காலை, வெளிச்சம் சாம்பலாக வந்துகொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள் கல்லறைத் தோட்ட வாசலில் வரிசையாக நின்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயதுக்கு அந்தக் கை மிகவும் லேசாக இருந்தது.

"எண்ணிக் கூட்டிட்டுப் போ காஸ்பர்."

நான் அந்தக் குச்சியிலிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினான்கில் நின்றேன். அவர் குனிந்து மண்ணைத் தொட்டார். எல்லா மண்ணையும் போலத்தான் இருந்தது.

"இதுதானா? நிச்சயமா?"

கோயில்பிள்ளையாக இருபத்தாறு வருஷம் நான் பொய் சொன்னதில்லை.

"ஆமா அக்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. முழங்காலிட்டு உள்ளங்கை இரண்டையும் அங்கே பதித்தார். பிறகு ஒரு கையை எடுத்துப் பக்கத்தில் இருந்த வெறும் தரையிலும் வைத்துக்கொண்டார்.