மிதிக்காத பிரேக்

யுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் நடுவே கரி பஸ் ஓட்டினார். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஒரு உருளையில் கரி எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓடும். அவர் என் அத்தை மகன். சிறு வயதிலிருந்து கூப்பிட்ட ‘பாவா’ கல்யாணத்துக்குப் பிறகும் என் வாயில் மாறவில்லை. பேச்சென்றால் அவருக்கு உயிர். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே பின் சீட்டுக்காரர்களுக்குக் கதை சொல்வார். அதற்காகவே அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. நானும் காத்திருந்திருக்கிறேன்.

ஒரு காலையில், கே.ஜி.கண்டிகை தாண்டும்போது அப்படித்தான் திரும்பிச் சிரித்தார். வேர்க்கடலை மூட்டையோடு ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒரு குடியானவரை பஸ் மோதித் தள்ளியது. அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

ஜாமீனில் வந்தபோது பஸ் முதலாளி வைத்த வக்கீல் ஒரு வழி சொன்னார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதும், கரி பஸ்ஸைப் பற்றி எதைச் சொன்னாலும் கோர்ட் நம்பும் என்றார். கண்டக்டரும் அப்படியே சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். நானோ மிஷன் பள்ளி டீச்சர், பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் கெஞ்சினேன்.

“பிரேக்கு புடிக்கலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க பாவா.”

“பிரேக்கு நல்லாத்தான் இருந்துது. நான்தான் மிதிக்கல. திரும்பிப் பேசிகினு இருந்தேன்.”

அப்போது எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டைத் தெலுங்கில் வாசித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார். புரிந்துதான் சொல்கிறாரா என்று மாஜிஸ்திரேட் இரண்டு முறை கேட்டார். ஆறு மாதம் கடுங்காவல், லைசென்ஸ் ரத்து.

மாதம் ஒருமுறை வேலூர் ஜெயிலுக்குப் போவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஜெயில் சமையல்காரர் மாதிரி நடித்துக் காட்டுவார், வார்டர்கூடச் சிரிப்பார். ஒருமுறை மட்டும் குரல் தாழ்த்தி, செத்துப்போனவரின் சம்சாரம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே கண்டிகைக்குப் போனேன்.

அந்தம்மா என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: “நடு ரோட்டுல நடந்தாருன்னு எங்க ஆளு மேலயே பழிபோடுவாங்கன்னு இருந்தேன். உங்க வூட்டுக்காரர் போடல. ஆனா அவர இங்க வர வேணாம்னு சொல்லுங்க. என்னால பாக்க முடியாது.”

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒருநாளும் அந்த வாசலுக்குப் போகவில்லை.

விடுதலையாகி ரயிலில் திரும்பும்போது, பொய் சொல்லச் சொன்னதற்கு என்மேல் கோபமா என்று கேட்டேன்.

“என்னை வூட்டோட வச்சிக்கணும்னுதானே கேட்ட? அதுல என்னா கோவம்?” என்றார். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அரக்கோணத்தில் வண்டி மாற எழுப்ப வேண்டியிருந்தது.

பிறகு ஒரு லாரி ஷெட்டில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடி லைசென்ஸுக்கு எழுதிப்போடச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து, கதை சொல்லி, அனுப்பிவிடுவார்.