மேல்மாடிக்கு விட்ட கம்பிகள்

விடியற்காலையில் கடுகண்ணாவை மலையேற்றத்தில் கண்டி ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, முனகிக்கொண்டு ஏறும்போது, பாதித் தூக்கத்தில் இருக்கும் எனக்கு அது இத்தாலியில் நாங்கள் இருந்த கட்டடத்து லிஃப்டின் சத்தமாகவே கேட்கிறது. கீழ்வீட்டு மொரோக்கோக்காரர் சந்தைக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்தது எதிர்வீட்டு நைஜீரியாக்காரி கதவைச் சாத்த வேண்டும். அவளுக்குக் கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது, கட்டடமே ஒருமுறை அதிரும். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடப்பேன். அது வராமல் போகும்போதுதான் கண்ணைத் திறப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் நிற்கும். என் சொந்த வீட்டில், என் சொந்தக் கட்டிலில், நான் தனியாகப் படுத்திருப்பேன்.

இந்த வீடு நானும் என் வீட்டுக்காரரும் இத்தாலியில் உழைத்துக் கட்டியது. அவர் முதலில் போனார், பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். மகளைக் கண்டியில் என் அக்கா பார்த்துக்கொண்டாள். அவர் அங்கே ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றினார், நான் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினேன். மகள் சோதனை எழுதும் வயதுக்கு வந்ததும் நான் திரும்பிவிட்டேன். அவர் இன்னும் அங்கேதான்.

ஏன் என்று கேட்டால் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். கீழ்த்தளம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கு மேலே தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மேல்மாடிக்கென்று விட்ட கம்பிகள். மேல்மாடி மகளுக்கு. அது எழும்பும் வரை அவர் அங்கே, நான் இங்கே. இதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. போன் எடுத்தால் அவருடைய முதல் கேள்வியும் அதுதான்.

"கம்பிக்கு சீமெந்துத் தண்ணி அடிச்சியா?"

"அடிச்சாச்சுங்க."

"துருப் பிடிச்சிச்சுன்னா மேல ஒண்ணும் எழுப்ப ஏலாது, பாத்துக்க."

நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். எந்தப் பெண்ணுக்கும் ஒரு சக்களத்தி வருவதே கஷ்டம். எனக்கு மொட்டைமாடி நிறைய வந்து நின்றார்கள்.

கம்பி விடும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கீழ்வீட்டு மொரோக்கோக்காரரின் மனைவி ஒருநாள் தன் ஊர் வீட்டின் படத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது. சிவந்த மண் நிறத்தில் ஒரு பெரிய வீடு, அதன் உச்சியில் அச்சு அசலாக எங்கள் கம்பிகள். நான் என் போனை எடுத்துக் கடுகண்ணாவை வீட்டைக் காட்டினேன். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். அவளுக்கு இத்தாலியன் அரைகுறை, எனக்கு அதிலும் குறைவு. அன்றைக்கு அது தேவைப்படவில்லை.

அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்கு மொரோக்கோக்காரரும் நைஜீரியாக்காரரும் ஒன்றுதான். எல்லாரையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சமைத்துச் சாப்பிட்டவள் என்பதால் எனக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மொரோக்கோக்காரர்கள் ஒரு தலைமுறை முந்தியே வந்தவர்கள். கீழ்வீட்டுக்காரரின் அப்பா தோளில் கம்பளம் சுமந்து தெருத்தெருவாக விற்றாராம். மகனுக்குச் சந்தையில் துணிக்கடையும் ஒரு வேனும் இருந்தன. அவர்களுக்குள்ளேயே இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, முடி வெட்டும் கடை எல்லாம் உண்டு. விசாக் கடதாசி பற்றிய பயம் போய்விட்டிருந்தது. பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே கெட்ட வார்த்தை பேசினார்கள்.

நைஜீரியாக்காரர்கள் பிந்தி வந்தவர்கள், பெரும்பாலும் தனி ஆட்களாக. அவர்களுடைய கடதாசி ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்துகொண்டே இருக்கும். ஆண்கள் பருவம் பார்த்துப் பழத் தோட்டங்களுக்குப் போவார்கள். வேலையில்லாத மாதங்களில் சிலர் சூப்பர்மார்க்கெட் வாசலில் தொப்பியை நீட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே முடி பின்னிச் சம்பாதித்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்பார்கள். ஒரு காலத்தில் இதே பதிலைக் கேட்டு வெறுத்துப்போன மொரோக்கோக்காரர்களில் சிலர், தங்களிடம் அறை கேட்டு வந்த நைஜீரியாக்காரர்களிடம் அதே பதிலைச் சொன்னார்கள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். பிந்தி வந்தவன் என்ற பேச்சு என்னவெல்லாம் செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லயத்தில் பிறந்ததால்தான் மொரோக்கோக்காரரின் வீட்டுப் பைத்தியமும் எனக்குப் புரிந்தது. நாங்கள் இருந்த காம்பிரா, அந்த ஒற்றை அறை, எங்களுடையதில்லை, தோட்டத்துடையது. வேலை போனால் காம்பிராவும் போகும். வீட்டுக்காரர் கண்டி டவுனில் கடைக்குப் பின்னால் வாடகை அறையில் வளர்ந்தவர். சொந்தமாக ஒரு சுவர் வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே வந்ததில்லை. கண்டியில் காணி வாங்கக் கட்டுப்படியாகவில்லை, கடுகண்ணாவைக்கு வந்தோம்.

ஓகஸ்டு மாதம் வந்தால் கீழே ஒரே கலகலப்பு. மொரோக்கோக்காரரின் வேன் கூரையில் மெத்தை, சைக்கிள், கழிவறைக் கோப்பை, திரைச்சீலைக் குழாய் என்று இன்னொரு வேன் அளவுக்குச் சாமான் ஏறும். நாள் கணக்கில் ஓட்டிப்போய்க் கப்பல் ஏறி ஊருக்குப் போவார்கள். திரும்பி வரும்போது வேன் காலியாக இருக்கும், வீடு ஒரு மாடி உயர்ந்திருக்கும். நாலு மகன்களுக்கும் ஒவ்வொரு மாடி. என் வீட்டுக்காரர் பல்கனியில் நின்று அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"மனுசன்னா இப்பிடி இருக்கணும்," என்பார்.

எதிர்வீட்டு நைஜீரியாக்காரி இதைப் பார்த்துச் சிரிப்பாள். நல்ல உயரமான பெண், சிரித்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். "நீங்கள் எல்லாரும் பல்லிக்கு வீடு கட்டுகிறீர்கள்," என்று ஒருநாள் எங்களிடம் சொன்னாள். அவளுடைய ஆட்களிலும் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவள் அந்தக் கட்சியில்லை. தன் ஆட்களோடு அவள் பிடித்த சீட்டு, நம் ஊர்ச் சீட்டுத்தான். கிழமைக்குக் கிழமை போடுவார்கள், முறை வந்தவர் எடுப்பார். வங்கி உள்ளேயே விடாத ஆட்களுக்கு அதுதான் வங்கி. நானும் அதில் ஒரு சீட்டுப் போட்டேன். ஜெபக்கூட்டம் முடிந்து அவர்கள் சீட்டு எடுக்கும் கலகலப்பைக் கேட்டால் நம் ஊர்ப் பெண்கள்தான் உள்ளே இருக்கிறார்கள் என்று சத்தியம் செய்வேன்.

தன் முறை வந்ததும் அவள் தெருமுனையில் ஒரு சின்னக் கடையை எடுத்தாள். பொய் முடி, பாம் எண்ணெய், ஆள் தொடை அளவு கிழங்கு. கொஞ்ச நாளில் மொரோக்கோக்காரருக்கென்று புதினாவும் தேயிலையும் வந்தன, எனக்கென்று தேங்காய்ப்பால் டின்னும் மாசிக் கருவாடும் வந்தன. ஒருவரையொருவர் தெருவில் பார்த்தால் முகம் திருப்புகிறவர்கள் அவள் கடையில் ஒரே வரிசையில் நின்றார்கள். அவளும் அதே வரிசையில் எல்லாரையும் திட்டினாள்.

ஆனால் அவளுடைய கடதாசி இன்னும் கந்தோரில்தான் கிடந்தது. ஊரில் அவள் அம்மா செத்துப்போனபோது அவளால் போக முடியவில்லை. போனால் திரும்ப வர முடியாது. அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரி கடலையும் தக்காளியும் போட்ட சூப் கொண்டுவந்தாள், நோன்பு மாதத்தில் எங்களுக்கெல்லாம் தருவாளே அதே சூப். நான் பருப்பும் சோறும் ஆக்கினேன். எதிர்வீட்டுக்காரி எதையும் தொடவில்லை. கடையைத் திறந்துவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். "இந்தக் கடையைத் தூக்கிப்போய் அம்மா தலைமாட்டில் வைக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

இருவரில் யார் நன்றாக இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரும் நானும் அந்தச் சின்னச் சமையலறையில் ஓயாமல் பேசியிருக்கிறோம். ஒருத்தர் சம்பாதித்ததெல்லாம் ஊரில் சுவராக நின்றது, அவர் அங்கே இல்லை. ஒருத்தி சம்பாதித்ததெல்லாம் கண்ணெதிரே கடையாக நின்றது, ஊர் அவளுக்கு இல்லை. வீட்டுக்காரர் எப்போதும் மொரோக்கோப் பக்கம். நானும் அந்தப் பக்கமே தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு மாலையில் போன் வந்தது. கம்பியைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, சும்மா சொல்வதுபோல அவர் சொன்னார்.

"கீழ்வீட்டுக்காரர் திரும்ப வந்துட்டாரு."

மொரோக்கோக்காரர் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஏனாம்?" என்றேன்.

"இருக்க முடியலயாம். நாலு மாடியிலயும் இவுங்க ரெண்டு பேருதான். மகன்மாரு நாலு பேரும் இங்கயே தங்கிட்டானுங்க. பொழுது பட்டதும் மனுசன் மாடி மாடியா ஏறி எல்லா லைட்டும் போட்டுட்டு வருவாராம், ஊரு பாத்து வீட்டுல ஆள் இல்லன்னு நெனச்சிரக் கூடாதுன்னு. இப்ப மூத்தவன் வீட்டு ஹோல்ல படுத்துக்கிறாங்க. பகல்ல கீழ பெஞ்சுல குந்திக்கிட்டு இருக்காரு."

"எதிர்வீட்டுக்காரி?"

"கடதாசி வந்து, ஊருக்குப் போய்ட்டு வந்துட்டா. அம்மா குழிகிட்ட உக்காந்துட்டு வந்தேன்னா. கடைக்கு ஆள் வச்சிருக்கா. சிரிப்பு மட்டும் பழைய மாதிரி இல்ல."

போனை வைத்துவிட்டு எழுந்து மகளின் அறை லைட்டைப் போட்டேன். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அங்கேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அப்புறம் முன் அறை லைட், பின் வராந்தா லைட். சுவிட்சில் கை வைத்தபடியே நின்றுவிட்டேன். தினமும் நான் செய்வதுதான். ஏன் செய்கிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிவந்த வீட்டில் ஒரு மனிதர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்ததும், இங்கே நான் அறை அறையாக நடப்பதும் ஒரே வீட்டுக்குள் நடப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டாள். கொடிக்கயிறு கம்பியிலிருந்து கம்பிக்குத்தான் கட்டியிருந்தது. அவளிடம் மொரோக்கோக்காரர் கதையைச் சொன்னேன். ஈரத் துணியை உதறியபடியே கேட்டுவிட்டு, அவள் சொன்னாள்.

"மேல்மாடி எனக்குன்னா எனக்கு வேணாம்மா. எங்க வேலை கெடைக்குதோ அங்க போயிருவேன். நீங்க கோவிச்சிக்க வேணாம். அப்பா வந்தா போதும்."

கோபம் வரத்தான் செய்தது. இந்த ஒரு மாடிக்காக அவளுடைய அப்பா எத்தனை குளிர் தின்றிருப்பார்! திட்ட வாயைத் திறந்தேன். கொடியில் அவள் துணிகளும் என் துணிகளும் மட்டும் தொங்கின. ஒரு ஆம்பிளைச் சட்டை இல்லை. மிச்சத் துணியை நானே எடுத்துக் கொடியில் போட்டேன்.

மறுநாளே மேசன் பாஸைக் கூப்பிட்டேன். இந்த வீட்டின் அத்திவாரம் முதல் கட்டியவர் அவர், கம்பி விட்டவரும் அவர்தான். மேலே ஏறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தமிழும் சிங்களமுமாகப் பேசுவார், நான் அவருக்கு நோனா, என் வீட்டுக்காரர் மாத்தயா.

"நோனா, வெட்டினா வெட்டினதுதான். பொறகு மேல கட்ட ஏலாது. மாத்தயாகிட்ட கேட்டாச்சா?"

"மாத்தயா வருவாரு. நீங்க வெட்டுங்க," என்றேன்.

கிரைண்டர் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குலைத்துக்கொண்டே இருந்தது. மூட்டத்துக்குள் நெருப்புப்பொறி பறந்து பறந்து அணைந்தது. விழுந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தூக்கிய பெட்டிகள், நான் புரட்டிப் போட்ட கிழவியின் உடம்பு, எல்லாம் சேர்ந்துதான் அந்த இரும்பு. இரண்டு தடவை நிறுத்தச் சொல்லலாமா என்று எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் மரச்சட்டம் ஏறி, தகரம் ஏறி, வீட்டுக்கு ஒரு கூரை வந்துவிட்டது. மழை அதில் விழுந்தபோது சின்ன வயதில் லயத்தில் படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம் கேட்டது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கூரை முடிந்த மறுநாள் அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். வீட்டைச் சுற்றிய வளவின் மேட்டுப் பக்கத்துக்கு ஏறி நின்று போனை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"என்னா அது?" என்றார்.

"கூரைங்க."

"கம்பி எங்க?"

"வெட்டிட்டேன்."

அவர் முகம் போனுக்குக் கிட்ட வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"யாரக் கேட்டு வெட்டுன?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"அப்ப நான் எதுக்கு இங்க கெடக்குறேன்?" என்று கத்தினார்.

"அதத்தாங்க நானும் கேக்குறேன்."

அவருக்குப் பின்னால் கிடங்கில் பெட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. கீழே பாதையில் கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது, அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். போன் நின்றுவிட்டதோ என்று நான் பார்த்தபோது, அவர் குரல் தணிந்து வந்தது.

"கொழும்புல இருந்து வார காலைக் கோச்சி... இப்பவும் நம்ம ஸ்டேசன்ல நிக்குதா?"

"நிக்குதுங்க," என்றேன்.